ஒரே மதில், எட்டுக் கணிப்பொறிகள்

மதிலை வளைப்பதை உழிஞை என்றும், வளைத்தோரிடமிருந்து மதிலைக் காப்பதை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்தது. அவ்விரண்டையும் கணிப்பொறித் திரையில் நிகழ்த்துபவை, தளம் அமைத்துப் போரிடும் உத்தி விளையாட்டுகள். ஆடுவோர் மரம் வெட்டுகின்றனர். பொன்னும் கல்லும் அகழ்கின்றனர். ஊர் சமைத்து, மதில் எழுப்பி, படை திரட்டி அண்டை ஊரின்மேல் செல்கின்றனர். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் இயங்கிய வெஸ்ட்வுட் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட 'டூன் 2' இவ்வகை விளையாட்டுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தது. ஆயினும் அதில் கணிப்பொறியை எதிர்த்து மட்டுமே ஆட இயலும். 1994-இல் 'வார்கிராஃப்ட்', 1995-இல் 'கமாண்ட் அண்ட் காங்கர்' ஆகியன மனிதரோடு மனிதர் மோதக் களம் திறந்தன. களம் திறந்ததும் பொறியாளர் முன் கடினமான வினா ஒன்று எழுந்தது. ஓர் ஊரில் இருப்பவர் எழுப்பிய மதில், வேறோர் ஊரில் இருப்பவரின் திரையில் அதே இடத்தில், அதே கல்லடுக்கோடு, அதே நொடியில் நிற்பது எங்ஙனம்?

ஒரு கணிப்பொறி தன் உலகின் நிலையை மற்றவற்றுக்கு இடையறாது அனுப்பிக்கொண்டிருக்கும் என்றே எவரும் முதலில் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது கைகூடாது என்பது விளங்கும். 1997-இல் இல்லங்களில் இருந்தது நொடிக்கு 28,800 பிட் கடத்தும் மோடம். பைட்டில் சொன்னால் நொடிக்கு 3,600. களத்தில் 1,500 வில்லாளர் நிற்பதாகக் கொள்வோம். ஒருவன் நிற்குமிடத்தைக் குறிக்க நான்கு பைட், அவன் நோக்கும் திசை, செய்யும் வேலை, எஞ்சிய உயிர்வலு ஆகியவற்றுக்கு இன்னொரு நான்கு பைட் எனச் சிக்கனமாகவே ஒதுக்கினாலும், படையின் நிலையை ஒருமுறை அனுப்ப 12,000 பைட் வேண்டும். அசைவு கண்ணுக்குச் சீராகத் தோன்ற நொடிக்கு 15 முறையேனும் அனுப்ப வேண்டுமெனின் அது 1,80,000 ஆகிறது. தொலைபேசிக் கம்பி தாங்கியதோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு. மதில், வீடு, வயல், மேயும் மான், பறந்து செல்லும் அம்பு ஆகிய எதையும் இக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் குழுவினர் இந்தத் தடையின் முன் நின்றனர். 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் செயலி, 16 மெகாபைட் நினைவகம், 28.8 மோடம் ஆகிய எளிய கருவிகளில் எட்டுப் பேர் ஒருங்கே ஆட வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இலக்கு. நிலையை அனுப்பும் முறையில் சென்றால் ஏறத்தாழ 250 உருக்களுக்குமேல் இயக்க முடியாது என்று அவர்கள் கண்டனர். தரைவழியே கவண்பொறிகளும் கடல்வழியே போர்க்கப்பல்களும் சூழ ஒரு கிரேக்க நகரம் வீழ்வதைக் காட்ட விரும்பியவர்களுக்கு 250 போதாது. அவர்கள் தேர்ந்த வழியைப் பால் பெட்னர், மார்க் டெரானோ ஆகிய இருவரும் 2001-இல் ஒரு கட்டுரையாக எழுதினர். '28.8-இல் 1500 வில்லாளர்' என்னும் பொருள்பட அமைந்தது அதன் தலைப்பு. இத்துறையில் இறங்குவோர்க்கு இன்றும் அதுவே நான் முதலில் கைகாட்டும் எழுத்து. தாம் பட்ட இடர்களை மறையாது எழுதிய பொறியாளர் கட்டுரைகள் அரியவை. இஃது அவற்றுள் ஒன்று.

அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடுவோர் பலகையின் படத்தை வரைந்து அனுப்புவதில்லை. எந்தக் காயை எந்தக் கட்டத்துக்கு நகர்த்தினோம் என்பதை மட்டும் அட்டையில் எழுதி அனுப்புவர். இருவர் வீட்டிலும் தனித்தனிப் பலகை உண்டு. இருவரும் ஒரே விதிப்படி காய் நகர்த்துவதால் இரு பலகைகளும் ஒன்றாகவே இருக்கும். என்செம்பிள் குழுவினர் செய்ததும் இதுவே. எட்டுக் கணிப்பொறிகளிலும் முழு உலகும் தனித்தனியே ஓடுகிறது. கம்பிவழியே செல்பவை ஆடுவோர் இட்ட கட்டளைகள் மட்டுமே: இன்னின்ன வில்லாளர் இன்ன இடம் செல்க; இன்ன இடத்தில் இன்ன மதில் எழுக. ஆடுவோர் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு நொடிக்கு ஒரு கட்டளையே இடுவர் என்றும், போர் உச்சத்தில்தான் அது நொடிக்கு மூன்று நான்கு வரை ஏறும் என்றும் அக்குழுவினர் அளந்து அறிந்தனர். ஒரு கட்டளைக்குச் சில பத்துப் பைட் போதும். வில்லாளர் ஐம்பதின்மர் ஆயினும் ஐந்நூற்றுவர் ஆயினும் கம்பியின் சுமை ஏறத்தாழ ஒன்றே.

இம்முறையை அணிநடை எனலாம். 1993-இல் வந்த 'டூம்' விளையாட்டும் நொடிக்கு 35 துடிப்புகளாக, அதாவது உலகை ஒருபடி முன்னகர்த்தும் கணக்குகளாக, இவ்வாறே நடந்தது. இதன் வேரைத் தேடினால் கணினி அறிவியலின் அடித்தளத்துக்கே செல்கிறோம். லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, தொலைவில் உள்ள கணிப்பொறிகளுக்கிடையே நிகழ்வுகளின் முன்பின் வரிசையை எவ்வாறு நிறுவுவது என்பதை ஆராய்ந்தது. தொடக்க நிலை ஒன்றாயிருந்து, கட்டளைகள் ஒன்றாயிருந்து, அவற்றை நிறைவேற்றும் வரிசையும் ஒன்றாயிருந்தால் எல்லாப் பொறிகளும் ஒரே நிலையைச் சென்றடையும் என்னும் கருத்து அதில் தெளிவுற எழுகிறது. வங்கிக் கணக்குகளைப் பல வழங்கிகளில் பிழையின்றிப் பேணுவதற்கு உதவும் அதே கருத்து, வில்லாளர் படையை எட்டு இல்லங்களில் ஒருங்கே நடத்தவும் உதவுகிறது. இவ்விளையாட்டைக் குழந்தை ஆட்டம் என்று ஒதுக்குவோர் இந்த உறவை அறிந்தால் மனம் மாறுவர் என நம்புகிறேன்.

வரிசையை எங்ஙனம் ஒன்றாக்குவது? காலத்தைச் சுற்றுகளாக நறுக்கினர். ஒரு சுற்றின் நீளம் பெரும்பாலும் 200 மில்லிநொடி. 1000-ஆம் சுற்று நடக்கையில் ஒருவர் மதில் எழுப்ப ஆணையிடுகிறார் எனின், அவ்வாணை அக்கணமே நிறைவேறாது. 1002-ஆம் சுற்றில் நிறைவேற்றுக என்னும் குறிப்போடு அது மற்ற எழுவருக்கும் புறப்படும். இடைப்பட்ட நேரத்தில் அது போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததற்கான ஒப்புதலும் திரும்ப வேண்டும். 1002-ஆம் சுற்றின் வாயிலில் ஒவ்வொரு கணிப்பொறியும் எட்டுப் பேரின் ஆணைகளும் கையில் உள்ளனவா என்று பார்க்கிறது. இருந்தால் எல்லாவற்றையும் குறித்த வரிசையில் நிறைவேற்றும். ஒருவருடையது வரவில்லையெனில் எல்லோரும் காத்திருப்பர். ஆணை ஒன்றும் இடாதவரும் 'எனக்கு ஆணையில்லை' என்று சொல்லியாக வேண்டும்; ஏனெனில் மௌனத்தையும் தொலைந்த பொதியையும் வேறு பிரித்தறிய வழியில்லை.

தன் சொந்த ஆணைக்கும் இவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்று ஆடுவோர் சலித்துக்கொள்ள மாட்டார்களா? ஆணையிட்டு 250 மில்லிநொடி வரை ஆகும் சுணக்கத்தை ஆடுவோர் உணரவே இல்லை என்று என்செம்பிள் குழு கண்டது. 500 வரை ஆட்டம் நன்றாகவே நடந்தது. அதற்குமேல்தான் கண்ணில் பட்டது. இதைவிட அருமையான கண்டறிதல் மற்றொன்று. சுணக்கம் ஒருபோது 80 மில்லிநொடியாகவும் ஒருபோது 500-ஆகவும் அலைவதைவிட, எப்போதும் 500-ஆக நிலைத்திருப்பதையே ஆடுவோர் விரும்பினர். மாறாத தாளத்துக்குக் கை பழகிவிடுகிறது. ஆகவே அவர்களின் நிரல், மிக மெதுவான கணிப்பொறியின் வேகத்தையும் மிகச் சுணங்கும் இணைப்பின் நேரத்தையும் அளந்து, சுற்றின் நீளத்தைத் தானே சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டது. இணைப்பு மிக மோசமானால் ஒரு சுற்று 1000 மில்லிநொடி வரை நீளும்.

இச்சுணக்கத்தை எந்தப் பணமும் முற்றாக நீக்காது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் இயங்கும் கடலடி வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதைக் கடக்க ஒளிக்கு 16 மில்லிநொடி வேண்டும். போய்த் திரும்ப 32. இடையிலுள்ள திசைவிகளின் காத்திருப்பு இதன்மேல் சேரும். இயற்கை விதித்த எல்லைக்குள் நின்றுதான் மதிலைக் கட்ட வேண்டும்.

அணிநடையின் முழு வலிமையும் ஒரு நிபந்தனையில் தங்கியுள்ளது. ஒரே உள்ளீட்டுக்கு எல்லாப் பொறிகளும் ஒரே விளைவைத் தர வேண்டும். ஒரு பிட்டும் பிசகலாகாது. இதைத் தீர்மானத்தன்மை என்பர். சொல்ல எளிது, நிரலின் ஒவ்வொரு வரியிலும் அதைக் காப்பது பெரும்பாடு. விளையாட்டு உருவாக்கத்தில் இதுவே அடித்தளம் என்றும், ஓவியமும் இசையும் பின்னர் வரலாம், இதை முதல் நாளே இட்டாக வேண்டும் என்றும் நான் வலியுறுத்துவேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டில் தீர்மானத்தன்மையைப் பின்னாளில் புகுத்த முயல்வது ஏறத்தாழ எல்லாவற்றையும் மீண்டும் எழுதுவதாகவே முடியும்.

முதல் இடர் சமவாய்ப்பு எண். அம்பு தைக்குமா தவறுமா என்பதை நிரல் குலுக்கிப் பார்த்து முடிவு செய்கிறது. எட்டு இல்லங்களிலும் குலுக்கல் ஒரே விடை தருவது எப்படி? கணிப்பொறியின் சமவாய்ப்பு எண்கள் மெய்யான குலுக்கலில் பிறந்தவை அல்ல; வாய்பாட்டில் பிறந்தவை. லேமர் என்னும் கணித அறிஞர் வகுத்த பழைய முறையில், கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் அடுத்த எண் கிடைக்கும். 1-இல் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073 எனச் செல்லும். பார்வைக்கு ஒழுங்கற்றவை, ஆனால் 1-இல் தொடங்கும் எவருக்கும் எந்நாளும் இதே வரிசைதான். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் ஒரே விதை எண்ணை எல்லோருக்கும் பகிர்ந்தால் போதும். காடு, மலை, ஆறு, பொற்சுரங்கம் அனைத்தும் அவ்வொற்றை எண்ணிலிருந்து எட்டு இடங்களில் ஒன்றுபோல் முளைக்கும்.

ஆயினும் வரிசையில் எத்தனையாவது எண்ணில் நிற்கிறோம் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். புகையின் அலைவு, பறவையின் குரல் போன்ற அழகுக்கான செய்திகளுக்கு அதே வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துவிட்டால் கேடு தொடங்கும். புகை யார் திரையில் தெரிகிறதோ அவர் கணிப்பொறி மட்டும் ஓர் எண் முன்னே சென்றிருக்கும். அடுத்த அம்பு அவருக்குத் தைக்கும், மற்றவர்க்குத் தவறும். எனவே உலகின் விதிக்கு ஒரு வரிசை, காட்சியின் அழகுக்கு வேறொரு வரிசை என இரண்டையும் முற்றாகப் பிரித்து வைப்பது முதற்கண் செய்ய வேண்டியது.

இரண்டாவது இடர் எண்கணிதத்தின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. கணிப்பொறி பின்னங்களை மிதவைப்புள்ளி எண்களாக வைக்கிறது. 0.1-உம் 0.2-உம் கூட்டி அதனோடு 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வருகிறது. முதலில் 0.2-உம் 0.3-உம் கூட்டிப் பின் 0.1-ஐச் சேர்த்தால் 0.6 வருகிறது. இரும எண்ணில் இப்பின்னங்களை முழுமையாக எழுத இயலாததால் நேரும் வட்டமிடல் இது. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரம் ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் எப்படி வட்டமிடப்பட வேண்டும் என்பதை வரையறுத்தது. ஆனால் நிரல்பெயர்ப்பி கணக்கின் வரிசையை மாற்றலாம். பழைய இன்டெல் செயலிகள் இடைக்கணக்கை 80 பிட் நுட்பத்தில் வைத்திருந்து பின்னர் 64-ஆகக் குறைத்தன. சைன், கொசைன் ஆகியவற்றை ஒவ்வொரு இயங்குதளத்தின் நூலகமும் தன் வழியில் கணிக்கிறது. கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் போதும், மதிலின் மூலையில் திரும்பும் வீரன் ஒரு கட்டம் தள்ளி நிற்பான்.

பலர் கண்ட மருந்து பின்னத்தை விலக்குவது. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் வூப் மென்பொருள் நிறுவனம் உருவாக்கிய 'ஃபேக்டோரியோ' விளையாட்டில், ஒரு கட்டத்தை 256 பங்காக்கி, உருக்களின் இருப்பிடத்தை அப்பங்குகளின் முழு எண்ணாக வைக்கின்றனர். முழு எண் கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது. அயற்கோள் ஒன்றில் தொழிற்சாலை கட்டி, அங்குள்ள உயிர்களிடமிருந்து மதிலும் சுடுகோபுரமும் கொண்டு அதைக் காப்பதே அவ்விளையாட்டு. நொடிக்கு 60 துடிப்புகளாக, இலட்சக்கணக்கான பொருள்களோடு ஓடும் உலகம் அது. நிலையை அனுப்பும் முறையில் அதைக் கற்பனை செய்யவும் இயலாது.

மூன்றாவது இடர் வரிசை. இதுவே தளம் அமைக்கும் விளையாட்டுக்கு மிக அணுக்கமானது. ஒரே நிலத்துண்டில் ஒரே சுற்றில் இருவர் கட்டடம் எழுப்ப ஆணையிட்டால் யாருக்கு அது கிடைக்கும்? யாருக்குக் கிடைத்தாலும் அணிநடை குலையாது; எல்லாப் பொறிகளும் ஒருவரையே தேர்ந்தால் போதும். ஆடுவோர் எண்ணின் ஏறுவரிசையில் நிறைவேற்றினால் ஒற்றுமை கிட்டும், ஆனால் முதலாமவரே எப்போதும் வெல்வார். சுற்று எண்ணைக் கொண்டு தொடக்கத்தைச் சுழற்றினால் ஒற்றுமையும் நடுவுநிலையும் ஒருங்கே கிட்டும். நினைவக முகவரியின் வரிசையில் பொருள்களை அடுக்கும் நிரல் இங்கே நஞ்சு. ஏனெனில் அம்முகவரிகள் ஒவ்வொரு கணிப்பொறியிலும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறுவேறு. பொருள்களுக்குப் பிறந்த வரிசையில் எண் கொடுத்து, அவ்வெண் வரிசையிலேயே எப்போதும் நடக்க வேண்டும்.

வீரர் செல்ல வேண்டிய பாதையைத் தேடும் வழிகாணலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகும். வழிகாணலுக்குப் பெரும்பாலோர் கையாள்வது ஏ-ஸ்டார் என்னும் படிமுறை. ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் 1968-இல் வகுத்தது. சமதொலைவில் இரு வழிகள் இருக்கையில் எதைத் தேர்வது என்பதை அது தானே முடிவு செய்யாது. அதை நிரலர் விதியாக எழுதிவைக்க வேண்டும். மேலும், எதிரி ஒரு வாயிலை அடைத்து மதிலை மூடினால், நூற்றுக்கணக்கான வீரர்களின் வழியைப் புதிதாகக் கணிக்க நேரும். ஒரே துடிப்பில் அதைச் செய்தால் திரை உறைந்துவிடும். 'ஐந்து மில்லிநொடி தேடு, பிறகு நிறுத்தி அடுத்த துடிப்பில் தொடர்' என்று எழுதத் தோன்றும். அங்கேதான் அடி சறுக்கும். வேகமான கணிப்பொறி ஐந்து மில்லிநொடியில் தேடுவதை மெதுவானது தேடி முடிக்காது. ஆகவே வரம்பைக் காலத்தால் வகுக்காமல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: ஒரு துடிப்புக்கு இத்தனை கட்டங்கள் என. கடிகாரத்தைப் பார்க்கும் உரிமை உலகின் விதிகளுக்கு இல்லை.

இவற்றுள் ஒன்று தவறினால் விளைவது உடனே தெரிவதில்லை என்பதே கொடுமை. என்செம்பிள் கட்டுரையில் ஒரு மான் வருகிறது. நிலப்படம் உருவாகும்போதே அது ஒரு கணிப்பொறியில் மிகச் சிறிது இடம் மாறி நின்றுவிட்டது. அதனால் சற்று வேறாக மேய்ந்தது. சில நிமிடங்கள் கழித்து அதை வேட்டையாடச் சென்ற குடியானவன் சற்று வேறு வழியில் சென்றான், அல்லது ஈட்டி குறி தவறி இறைச்சியின்றி வீடு திரும்பினான். ஒரு கணிப்பொறியில் உணவுக் கிடங்கு நிறைந்தது, மற்றொன்றில் நிறையவில்லை. அங்கிருந்து இரு உலகங்களும் பிரிந்து சென்றன.

எட்வர்டு லோரன்ஸ் 1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கண்டதும் இதுவே. வானிலைக் கணிப்பு ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட, 0.506127 என்பதற்கு மாற்றாக அச்சில் இருந்த 0.506-ஐ உள்ளிட்டார். முதலில் ஒத்துச் சென்ற இரு வானிலைகளும் பின்னர் முற்றிலும் வேறாயின. அவர் அதிலிருந்து ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு வழி கண்டார். விளையாட்டு நிரலருக்கோ அதே இயல்பு நாள்தோறும் எதிர்கொள்ளும் பகை.

உலகங்கள் இவ்வாறு பிரியும் முறிவைக் கண்டறிய ஒவ்வொரு கணிப்பொறியும் தன் உலகின் நிலையைப் பிசைந்து ஒரு சரிபார்ப்பெண் ஆக்குகிறது. நான்கு பைட் போதும். அவ்வெண்ணைச் சுற்றுதோறும் பரிமாறி ஒப்பிடுவர். மாறுபட்டால் ஆட்டம் நிற்கும். ஆனால் எண் மாறியது என்று தெரியுமேயன்றி ஏன் மாறியது என்று தெரியாது. மானின் பிழை பிறந்தது நிலப்படம் உருவானபோது. எண் காட்டிக்கொடுத்ததோ கிடங்கின் உணவு மாறுபட்டபோது. ஆகவே வழிகாணலுக்கு ஒன்று, இலக்குத் தேர்வுக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று எனச் சரிபார்ப்பெண்ணைப் பிரிப்பர். ஒவ்வொரு செயலையும் பதிந்துகொண்டே ஓட்டி, இரு கணிப்பொறிகளின் பதிவுகளை வரிவரியாக ஒப்பிடுவர். என்செம்பிள் குழுவினர் 50 மெகாபைட் வரையிலான பதிவுகளைச் சலித்திருக்கின்றனர். அக்காலத்தில் அது சிறிய அளவன்று.

ஃபேக்டோரியோ குழுவினர் இதற்கு ஒரு கடுஞ்சோதனை வைத்திருக்கின்றனர். அதை இயக்கினால் ஒவ்வொரு துடிப்பிலும் உலகைச் சேமித்து, சேமித்ததை மீண்டும் திறந்து, இரண்டும் ஒன்றா என நிரலே ஒப்பிடும். ஆட்டம் ஆமையாய் ஊரும்; ஆனால் பிழை பிறந்த துடிப்பிலேயே அகப்படும். அவ்விளையாட்டுக்கு ஆடுவோரே லுவா மொழியில் புது விதிகள் எழுதிச் சேர்க்கலாம் என்பதால் இச்சோதனை இன்றியமையாதது. லுவாவின் இயல்பான அட்டவணைகளில் உறுப்புகள் வரும் வரிசைக்கு உறுதியில்லை. வூப் குழுவினர் மொழியின் அந்தப் பகுதியையே திருத்தி, வரிசை எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒன்றாகுமாறு செய்தனர். சமவாய்ப்பு எண் தரும் செயற்கூற்றையும் மாற்றினர். பிறர் எழுதும் நிரலும் அணிநடையைக் குலைக்காதவாறு மொழியையே செப்பனிட்ட அக்கறை போற்றத்தக்கது.

நடுவில் வந்து சேரும் ஒருவரை எப்படி ஏற்பது? எம்பயர்ஸ் ஆட்டத்தில் எல்லோரும் ஒருங்கே தொடங்கினர். ஆகவே அவ்வினா எழவில்லை. ஃபேக்டோரியோவில் ஓர் உலகம் திங்கள்கணக்கில் ஓடும். புதியவர் வந்தால் வழங்கி அக்கணத்து உலகைச் சேமித்து அவருக்கு அனுப்பும். அது இறங்கும் நேரத்தில் மற்றவர்கள் முன்னே சென்றிருப்பர். புதியவரின் கணிப்பொறி, விடுபட்ட துடிப்புகளின் கட்டளைகளைப் பெற்று, இயல்பைவிட விரைவாக உலகை ஓட்டி அவர்களை எட்டிப் பிடிக்கும். உலகம் மிகப் பெரிதாகி, கணிப்பொறி நொடிக்கு 60 துடிப்புகளையே மூச்சுத் திணற ஓட்டுமாயின் அவர் எட்டிப் பிடிக்கவே முடியாது. ஆகவே நிரலின் வேகம் இங்கே வெறும் வசதி அன்று. நுழைவுரிமையே அதில்தான் இருக்கிறது.

சுணக்கத்தை மறைக்கவும் ஃபேக்டோரியோ குழுவினர் ஒரு வழி கண்டனர். உண்மையான உலகின்மேல் மெல்லிய முன்னோட்ட அடுக்கு ஒன்றை வைத்து, ஆடுபவரின் சொந்த நடையையும் அவர் வைக்கும் கட்டடத்தையும் உடனே காட்டுகின்றனர். பின்னர் உண்மை வந்து சேரும்போது முன்னோட்டத்தைக் களைந்து மீண்டும் வரைகின்றனர். முன்னோட்டத்தில் உள்ள எதுவும் சரிபார்ப்பெண்ணில் சேராது.

அணிநடைக்கு ஒரு தீராக் குறை உண்டு. ஒவ்வொரு கணிப்பொறியிலும் முழு உலகும் இருப்பதால், ஆடுபவரின் படை காணாத இடங்களைத் திரையில் மறைக்கும் போர்மூட்டத்துக்குப் பின்னே உள்ள எதிரியின் ஊரும் அங்கேதான் இருக்கிறது. மூட்டத்தை வரையும் நிரலை முடக்கிவிட்டால் கள்ளாட்டக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும். இல்லாத பொன்னைக் கிடங்கில் சேர்க்கும் கள்ளத்தனம் சரிபார்ப்பெண்ணில் உடனே அகப்படும். பார்வைக் களவு அகப்படாது. இதைத் தடுக்க விரும்புவோர் உலகை வழங்கியில் மட்டும் வைத்து, ஒவ்வொருவர் கண்ணுக்கும் எட்டுவதை மட்டும் அனுப்புவர். இன்றைய அகன்ற இணைப்புகளில் சில நூறு உருக்களுக்கு அது இயலும். ஹெல்சிங்கியில் உள்ள சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' இச்சிக்கலையே சுற்றிச் சென்றது. அங்கே தாக்குபவர் மோதுவது, களத்தில் இல்லாத ஒருவர் முன்பே கட்டிவைத்த ஊரோடு. இருவரும் ஒருங்கே ஆடுவதில்லை. கைப்பேசிக்கு அது தக்க வழி. ஆயினும் மதிலின் இருபுறமும் உயிருள்ள மனங்கள் ஒரே நேரத்தில் மோதும் ஆட்டத்துக்கு, ஆயிரக்கணக்கான உருக்கள் வேண்டுமெனின், அணிநடையை விஞ்சிய முறையை நான் காணவில்லை.

இம்முறை தரும் ஒரு கொடை, முழுப் போரையும் சிறு கோப்பில் பதிந்து வைக்கலாம் என்பது. விதை எண்ணும் கட்டளைகளும் இருந்தால் போர் மீண்டும் நிகழும். 1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டப்பதிவு வசதியோடு வந்தது. 'ஸ்டார்கிராஃப்ட்' 2001-இல் தன் 1.08 பதிப்பில் அதைச் சேர்த்தது. வல்லோரின் ஆட்டங்களை இளையோர் மீண்டும் மீண்டும் கண்டு கற்றது இப்பதிவுகளால்தான். ஆனால் பதிவில் உலகம் இல்லை. உலகை ஆக்கும் கட்டளைகளே உள்ளன. பின்னாளில் வில்லாளனின் நடைவேகத்தைச் சிறிது கூட்டிப் புதுப்பதிப்பு வெளியிட்டால், பழைய பதிவில் அவன் வேறிடத்தில் நிற்பான். வென்றவர் தோற்பார், கட்டிய மதில் வெற்றிடத்தைக் காக்கும். ஆகவே பதிவுக் கோப்பின் தொடக்கத்திலேயே பதிப்பு எண்ணைப் பொறிப்பதும், வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பின் நிரலையும் ஓடும் நிலையில் பேணுவதும் இவ்விளையாட்டை ஆக்குவோர் மேற்கொள்ள வேண்டிய கடமைகள். பதிப்பைத் தொலைத்தால், அதில் நடந்த போர்கள் அனைத்தும் அதோடு தொலைந்துவிடும்.